பற்றைக்காடு துப்புரவாக்கச் சிறிய உழவு இயந்திரத்துக்கு எந்தக் கவ்வி பொருத்தம்?

மேட்டுநிலம் (வெல்லாவெளி)

அனைவருக்கும் வணக்கம். வெல்லாவெளிப் பக்கத்தில் எங்கள் அப்பப்பா காலத்து மேட்டுக்காணி நான்கரை ஏக்கர் இருக்கிறது. 1990 இல் இடம்பெயர்ந்து, பல வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது வயலைத்தான் முதலில் செய்தோம். மேட்டில் யாரும் கை வைக்கவில்லை. இப்போது அங்கே நாயுண்ணியும் காரையும் சூரையும் ஈச்சம்பற்றையும் ஆள் நுழைய முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. இடையிடையே தொடையளவு பருமனான மரங்களும், அவற்றைவிடப் பெரிய பழைய அடிக்கட்டைகள் பத்துப் பன்னிரண்டும் உள்ளன. இரண்டு ஏக்கரில் சோளனும் கச்சானும் போட்டு, மிச்சத்தில் மரமுந்திரிகை வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

என்னிடம் இருப்பது யப்பானில் பாவித்து இறக்கப்பட்ட 28 குதிரைவலுச் சிறிய உழவு இயந்திரம். நான்கு சில்லும் இழுக்கும். முன்னால் பாரம் தூக்கும் கைகளான லோடரும், அதில் பக்கெட்டும் உண்டு. லோடர் கையின் நுனியில் 450 கிலோ தூக்கும் என்று கைநூலில் போட்டிருக்கிறது. ஆட்களை வைத்து வெட்டிய பற்றையைப் பக்கெட்டால் தள்ளிப் பார்த்தேன். கால் ஏக்கர் முடிப்பதற்குள் குவியலில் பாதி மண்ணாகிவிட்டது. அதை எரிக்கவும் முடியவில்லை, ஏற்றவும் முடியவில்லை. அதனால்தான் லோடரில் கொழுவும் கிராப்பிள், அதாவது கீழே பற்களும் மேலே அமுக்கும் மூடியும் உள்ள கவ்வி, ஒன்று வாங்கலாம் என்று தீர்மானித்தேன்.

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வெளிநாட்டில் செய்து இறக்கிய 5 அடி அகலமானது. இரண்டு மூடி, எடை 260 கிலோ. மற்றது, உள்ளூர் இரும்புப் பட்டறையில் 4 அடியில் ஒரு மூடியுடன் செய்விப்பது. பெரியதென்றால் நடை குறையும், பெரும்போக மழைக்கு முன் வேலை முடியும் என்று முதலாவதன் பக்கமே என் மனம் சாய்கிறது. பாவித்தவர்கள் சொல்லுங்கள்.

வட்டைக்காரன் (அக்கரைப்பற்று)

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. கவ்விக்குக் கொடுக்கும் காசுக்கு, மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தை மணிக்கணக்கில் பிடித்தால் நான்கு நாளில் காணி வெளியாகிவிடும். வருடத்துக்கு ஒரு தடவை தேவைப்படும் சாமானுக்கு ஏன் இவ்வளவு முதல்?

கரடியனாற்றுப் பிள்ளை (ஒன்ராறியோ)

தம்பி, நான் கரடியனாற்றில் பிறந்து இப்போது கனடாவில் ஒரு சிறிய தோட்டம் வைத்திருக்கிறேன். உங்களுடையதைப் போன்ற சிறிய இயந்திரத்தில் பதினொரு வருடமாகக் கவ்வி பாவிக்கிறேன். நீங்கள் சாயும் பக்கம் பிழை என்று முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பிறகு எழுதுகிறேன், ஏனென்றால் நானும் முதலில் அதே பக்கம் சாய்ந்து, வாங்கிய 5 அடிக் கவ்வியை அடுத்த வருடமே விற்றேன்.

கைநூலில் உள்ள 450 கிலோ, கவ்வியையும் சேர்த்த பாரம். 260 கிலோக் கவ்வியைக் கொழுவிய உடனேயே உங்களிடம் மிஞ்சுவது 190 கிலோ. அதுவும் கையின் நுனியில் உள்ள ஆணியில் வைத்து அளந்த கணக்கு. மரக்கட்டை அந்த ஆணியில் தொங்குவதில்லை. அதற்கு இரண்டு அடி முன்னால், பற்களின் மேல் கிடக்கிறது. பாரம் முன்னுக்குத் தள்ளிப் போகப் போக லோடர் தூக்கக்கூடியது குறைந்துகொண்டே போகும். இனி மரத்தின் பாரத்தைப் பாருங்கள். ஓரடி விட்டமுள்ள கட்டை ஒரு மீற்றர் நீளத்துக்கு ஏறக்குறைய 70 லீற்றர் கொள்ளளவு. பச்சை மரத்தைத் தண்ணீரின் பாரம் என்று வைத்துக்கொண்டால் அது 70 கிலோ. பாலை மரம் தண்ணீரில் அமிழும் சாதி, அது இன்னும் கூட. ஆகவே ஓரடிப் பருமனில் இரண்டு மீற்றர்க் கட்டை ஒன்றைத் தூக்குவதற்கே உங்கள் 5 அடிக் கவ்வி திணறும். 150 கிலோவுக்குள் 4 அடியில் ஒன்று செய்வித்தால் 300 கிலோ மிஞ்சும். அதே கட்டையைத் திணறாமல் தூக்கலாம்.

அகலம் கூடினால் நடை குறையும் என்று எழுதியிருக்கிறீர்கள். பற்றையைப் பொறுத்தவரை அது நடப்பதில்லை. வெட்டிய கொப்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இரண்டு பக்கமும் இரண்டு முழம் வெளியே நீட்டிக்கொண்டுதான் வரும். நடுவில் இறுகப் பிடித்தால் 4 அடிக் கவ்வி 10 அடி அகலக் குவியலைத் தூக்கிக்கொண்டு போகும். அகலமான கவ்வியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அதன் ஒரு மூலையை மட்டும் அடிக்கட்டையில் கொடுத்து நெம்பத் தோன்றும். அப்போது முழு விசையும் லோடரின் ஒரு கையில் ஏறி, அந்தக் கை முறுகும். முறுகிய கையை நேராக்கும் செலவு கவ்வியின் விலைக்குக் கிட்ட வரும்.

தென்னந்தோட்டம் (தம்பிலுவில்)

மேலே அண்ணன் எழுதியது அத்தனையும் சரி, ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை அவர் இன்னும் தொடவில்லை. பின்பாரம்.

எங்கள் தோட்டத்தில் பட்டுப்போன தென்னைகளை வெட்டி அகற்றுவதற்காக என் கணவர் சென்ற வருடம் இப்படி ஒரு கவ்வி கொழுவினார். முதல் நாள், வாய்க்கால் கரையிலிருந்து இறங்கும்போது, மூன்று மீற்றர்த் தென்னங்குற்றி ஒன்றைக் கவ்வியில் வைத்தபடி கையைச் சற்று உயர்த்தினார். பின்சில்லு இரண்டும் நிலத்தை விட்டு ஒரு முழம் எழும்பிவிட்டன. பிறேக்கை மிதித்தார், ஒன்றும் நடக்கவில்லை. இப்படிப்பட்ட இயந்திரங்களில் பிறேக் பின்சில்லுக்கு மட்டுமே என்பதையும், முன்சில்லு இழுவையைப் போடாதபோது காற்றில் நிற்கும் சில்லை இறுக்கிப் பயனில்லை என்பதையும் அன்றுதான் அறிந்தோம். குற்றி நிலத்தில் மோதியதால் இயந்திரம் நின்றது. நான் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதன்பிறகு 200 லீற்றர் ஒயில் பீப்பாய் ஒன்றை எடுத்து, இயந்திரத்தின் பின்னால் உள்ள மூன்று புள்ளி இணைப்பில் கொழுவுவதற்கு ஏற்ற இரும்புத் தண்டுகளை உள்ளே வைத்து, மூன்றில் இரண்டு பங்குக்குக் கொங்கிறீற்று ஊற்றினோம். கொங்கிறீற்று ஒரு லீற்றர் 2.4 கிலோ என்பதால் அது 320 கிலோ வருகிறது. அதைப் பின்னால் தொங்கவிட்ட பிறகு அதே குற்றியை எடுத்தால் இயந்திரம் அசையாமல் நிற்கிறது. தம்பி, நீங்கள் எந்தக் கவ்வி வாங்கினாலும், அந்தப் பீப்பாயைச் செய்து முடித்துவிட்டுக் கவ்வியைக் கொழுவுங்கள்.

கரடியனாற்றுப் பிள்ளை (ஒன்ராறியோ)

தங்கச்சி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் அதைத்தான் அடுத்து எழுதவிருந்தேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சிலர் பின் ரயர்களுக்குள் தண்ணீர் நிரப்பினால் போதும் என்பார்கள். வால்வை உச்சியில் நிறுத்தி, அந்த மட்டம் வரை, அதாவது முக்கால் பங்கு நிரப்புவது வழக்கம். எங்களுக்கு இங்கே உறையாத திரவம் தேவைப்படுகிறது. உங்களுக்குக் கிணற்றுத் தண்ணீரே போதும். அது நல்லதுதான், கவிழும் பயம் குறையும். ஆனால் ரயருக்குள் இருக்கும் தண்ணீர் பின் அச்சின் மேலேயே அமர்கிறது, அதனால் முன் அச்சின் சுமை குறையாது. பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் பாரம் மட்டுமே தராசுத் தட்டுப் போல முன்பக்கத்தைச் சற்று மேலே எடுக்கிறது. நான்கு சில்லும் இழுக்கும் இயந்திரத்தில் முன் அச்சுக்குள் பற்சில்லுகள் இருக்கின்றன. அவை உடைந்தால், பாவித்து இறக்கிய யப்பான் இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே இரண்டையும் செய்யுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் பீப்பாயைச் செய்யுங்கள்.

மேட்டுநிலம் (வெல்லாவெளி)

மிக்க நன்றி. பெரியதை விட்டுவிட்டேன். ஆனால் 4 அடி என்பதில் ஒரு தயக்கம் இருக்கிறது. என் இயந்திரத்தின் முன்சில்லுகளின் வெளிவிளிம்பு 4 அடி 3 அங்குலம். கவ்வி அதைவிட ஒடுக்கமாக இருந்தால், வெட்டிய சூரைக் கட்டைகளின் கூர் முனைகள் சில்லுக்கு நேரே நிற்குமே? போன கிழமைதான் ஒரு ரயர் போனது. மற்றது, கவ்வியின் மூடி ஒயில் அழுத்தத்தில் அசைவது, ஆனால் என் இயந்திரத்தில் பின்பக்கம் ஒயில் எடுக்கும் வாய் இல்லை. மூடியைத் திறந்து பூட்ட ஒயில் எங்கேயிருந்து எடுப்பது?

பட்டறை (பெரியகல்லாறு)

வணக்கம். நான் இரும்பு வேலை செய்பவன். வயலுக்குத் தேவையான கலப்பை, பெட்டி, வரம்பு கட்டும் தட்டு எல்லாம் செய்கிறோம். லோடர்க் கவ்வி இதுவரை நான்கு செய்திருக்கிறேன். முதலாவது சரிவரவில்லை, மற்ற மூன்றும் வேலை செய்கின்றன. சரிவராததைப் பற்றியே முதலில் சொல்கிறேன்.

பல்லின் நுனி தேயக் கூடாது என்று லொறியின் வில்லுத் தகட்டை வெட்டி, சாதாரண இரும்பில் செய்த பல்லின் முனையில் ஒட்டினேன். பார்க்க மிகவும் நன்றாக இருந்தது. இரண்டாம் நாளே மூன்று பற்கள் ஒட்டிய இடத்தின் அருகில் கண்ணாடி போல முறிந்தன. வில்லுத் தகடு கடினமான உருக்கு. அதைச் சூடாக்காமல் ஒட்டி, ஒட்டியவுடன் ஆறவிட்டால் ஒட்டின் ஓரம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதை அறிந்தும் அவசரப்பட்டேன். இப்போது 12 மில்லிமீற்றர்ச் சாதாரண இரும்புத் தகட்டிலேயே முழுப் பல்லையும் ஒரே துண்டாக வெட்டுகிறேன். நுனி தேய்ந்தால் வருடத்துக்கு ஒரு தடவை ஒட்டுக்கம்பியால் நிரப்பிக்கொள்ளலாம். வளைந்தால் சூடாக்கி நிமிர்த்தலாம். முறிந்ததை ஒன்றும் செய்ய முடியாது.

மூடிக்குச் சிலிண்டர் எவ்வளவு பெரிது வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள், எல்லோரும் பெரியதையே கேட்பார்கள். 50 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள சிலிண்டர் ஒன்று 150 பார் அழுத்தத்தில் மூன்று தொன் விசை கொடுக்கும். மரக்கட்டையைப் பிடிக்க அது தாராளம். 75 மில்லிமீற்றர் போட்டால் விசை ஆறரைத் தொன்னுக்கு மேல் போகும். அது கட்டையை இறுக்குவதற்குப் பதிலாக மூடியையே வளைக்கும். அதோடு சிறிய இயந்திரத்தின் பம்பு நிமிடத்துக்கு 20, 25 லீற்றர்தான் தள்ளும் என்பதால், பெரிய சிலிண்டர் திறந்து பூட்ட இரண்டு மடங்குக்கு மேல் நேரம் எடுக்கும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை திறந்து பூட்டுவீர்கள். அந்த நேரம் சேரும்.

ஒயில் எடுப்பதற்கு உங்களுக்கு ஏற்றது, பக்கெட்டைக் கவிழ்க்கும் ஒயில் வழியில் இடையே வைக்கும் மின்சாரத் திருப்பு வால்வு. லோடர்ப் பிடியில் ஒரு பொத்தானைப் பொருத்தி, 12 வோல்ட்டில் ஓடவிடலாம். பொத்தானை அமுக்கிக்கொண்டு பிடியை அசைத்தால் மூடி அசையும். விட்டால் பழையபடி கவ்வி கவிழும், நிமிரும். இதில் உள்ள குறை, கவிழ்ப்பதையும் மூடியைப் பூட்டுவதையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்பதுதான். தனி வால்வு வைத்தால் அதுவும் முடியும், ஆனால் பம்பிலிருந்து வரும் பிரதான வழியையே வெட்டிப் பொருத்த வேண்டும். பழைய இயந்திரத்தில் நான் அதற்குத் துணியமாட்டேன். எதை வைத்தாலும் மூடியின் சிலிண்டரில் ஒரு பூட்டு வால்வு போடச் சொல்லுங்கள். ஹோஸ் வெடித்தாலும் மூடி திறந்து கட்டை உருளாது.

அகலத்துக்கு 4 அடி 6 அங்குலம் போடலாம். சில்லின் வெளிவிளிம்பை மூடும். 165 கிலோவுக்குள் முடித்துத் தருவேன். மூடி ஒன்றே போதும். அதை முழு அகலத்துக்கும் செய்யாமல் நடுவில் இரண்டடி அகலத்தில், கோழியின் நகம் போல வளைத்துச் செய்தால் சிறிய கட்டையையும் பிடிக்கும். பக்கெட்டைக் கழற்றிக்கொண்டு வாருங்கள். பழைய யப்பான் லோடர்களின் கொழுவுமிடம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. வெளியிலிருந்து வரும் கவ்விகளின் முதுகுத்தட்டு அவற்றுக்குப் பொருந்தாது. இடையில் ஒரு தட்டு வைத்துப் பொருத்துவார்கள். அந்தத் தட்டின் எடையும் சேரும், பாரமும் இன்னும் நாலு அங்குலம் முன்னுக்குத் தள்ளப்படும்.

வட்டைக்காரன் (அக்கரைப்பற்று)

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் தம்பி எழுதிய அந்தப் பத்துப் பன்னிரண்டு அடிக்கட்டைகளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 28 குதிரைவலு இயந்திரம் பாலை அடிக்கட்டையைப் பிடுங்காது. எங்கள் வட்டையில், அதாவது வயல்வெளியில், ஒருவர் பிடுங்கப் போய், லோடரைக் கீழ்நோக்கிக் கவிழ்த்தபடி பின்னுக்கு இழுத்துச் சிலிண்டர்த் தண்டை வளைத்துவிட்டார். பெக்கோ பிடியுங்கள் என்று நான் சொன்னது அதனால்தான்.

கரடியனாற்றுப் பிள்ளை (ஒன்ராறியோ)

வட்டைக்காரன் காக்கா, அடிக்கட்டை விடயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. கவ்வி பிடுங்கும் கருவி அல்ல. பிடுங்கியதை, வெட்டியதைப் பொறுக்கிச் சேர்க்கும் கருவி. கைப்பருமனான நாயுண்ணித் தூரையும் ஈச்சந்தூரையும் பற்களைக் கீழே கொடுத்து மெல்ல நெம்பி எடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஆனால் முழுக் காணியையும் பெக்கோவால் வெளியாக்குவதை நான் ஏற்கமாட்டேன். எங்கள் பகுதி மேட்டுநிலத்தில் நல்ல மண் ஒரு சாண் ஆழம் இருந்தாலே பெரிய விடயம். அதன் கீழே கிறவலும் பருமணலும்தான். பக்கெட்டால் வழித்த காணியில் அந்த ஒரு சாணும் குவியலோடு எல்லைக்குப் போய்விடும். பிறகு எத்தனை மூட்டை பசளை போட்டாலும் சோளன் மஞ்சளாகவே நிற்கும். தம்பியின் கால் ஏக்கரில் குவியலில் பாதி மண் என்று அவரே எழுதியிருக்கிறார். அது முப்பது வருடமாக இலை விழுந்து உக்கிச் சேர்ந்த மண்.

வட்டைக்காரன் (அக்கரைப்பற்று)

அதை மறுக்கவில்லை. பெக்கோவை அடிக்கட்டைக்கு மட்டும் ஒரு நாள் பிடிக்கட்டும், சுற்றியுள்ள வேரை வெட்டிப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகட்டும். மிச்சத்தைக் கவ்வியால் செய்யட்டும். புரட்டிய கட்டையை ஒரு மழையில் நனைய விட்டு, மண் கழன்ற பிறகு தூக்குங்கள். வேரில் ஒட்டிய மண்ணோடு தூக்கினால் கட்டையின் பாரத்தைவிட மண்ணின் பாரம் கூட.

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் (மட்டக்களப்பு)

இயந்திரம் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் வேலை தொடங்கும் முன் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

காணிக்குள் பனை இருக்கிறதா என்று பாருங்கள். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியிலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. பற்றைக்குள் மறைந்து நிற்கும் வடலிகளை இயந்திரம் சாய்த்துவிட்ட பிறகு விளக்கம் சொல்வது கடினம். கிராம உத்தியோகத்தரை ஒரு தடவை அழைத்துக் காட்டிவிட்டு, பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முதிரை, பாலை போன்ற மரங்களைக் காணிக்கு வெளியே ஏற்றுவதாக இருந்தாலும் முதலில் அனுமதியை விசாரியுங்கள்.

மற்றது, 1990 முதல் யாரும் நுழையாத காணி என்று எழுதியிருக்கிறீர்கள். மட்டக்களப்பு கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக 2017 இல் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் வெடிக்காத எறிகணை ஒன்று மண்ணுக்குள் கிடக்காது என்று யாராலும் உறுதி கூற முடியாது. பற்றை வெட்டும் ஆட்களுக்கும் சாரதிக்கும் சொல்லி வையுங்கள்: பழக்கமில்லாத இரும்பு கண்ணில் பட்டால் தொடக்கூடாது, இயந்திரத்தை அந்த இடத்திலேயே நிறுத்தி, வந்த தடத்திலேயே திரும்பி நடந்து, பொலிசுக்கு அறிவிக்க வேண்டும்.

மேட்டுநிலம் (வெல்லாவெளி)

ஐயா, மிக்க நன்றி. மூன்று பெண் பனைகளும் ஒரு பலாவும் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டிவிட்டேன். அவற்றை வெட்டப் போவதுமில்லை. பக்கெட்டைக் கழற்றிப் பெரியகல்லாற்றுக்கு அனுப்புகிறேன்.

மேட்டுநிலம் (வெல்லாவெளி)

ஏழு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். இடையில் சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள், அதனால் நடந்ததை எல்லோருக்கும் பொதுவாகவே பதிகிறேன்.

கவ்வி 4 அடி 6 அங்குலம், 168 கிலோ. பற்களுக்கு இடையே 6 அங்குலம் விட்டிருக்கிறோம். 8 அங்குலம் விட்டால் மண் இன்னும் நன்றாக உதிரும் என்று பட்டறை அண்ணன் சொன்னார், ஆனால் என் காணியில் சன்னக் கொப்புகளும் கினிப்புல்லும் அதிகம் என்பதால் 6 ஐயே கேட்டேன். அது சரியாகவே இருக்கிறது. குவியலைத் தூக்கி, முழங்கால் உயரத்தில் வைத்து, பிடியை இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் அசைத்தால் மண் பொலபொலவென்று பற்களுக்கு ஊடாகக் கொட்டுகிறது. கையில் எடுத்துப் பார்த்தேன், கறுத்த மண், உள்ளே மண்புழு நெளிந்தது. முன்பு பக்கெட்டால் தள்ளிய கால் ஏக்கரையும், கவ்வியால் எடுத்த இடத்தையும் பக்கத்தில் நின்று பார்த்தால் நிறமே வேறு.

பெக்கோவை ஒரு நாள் பிடித்து அடிக்கட்டைகளைப் புரட்டினோம். காக்கா சொன்னபடி அவற்றை ஒரு மழை நனையும் வரை விட்டோம். புரட்டாதிக் கடைசியில் பெய்த மழைக்குப் பிறகு தூக்கினால் ஒன்பது கட்டை ஏறின. மிச்சம் மூன்றையும் சங்கிலிவாளால் இரண்டாகப் பிளந்துதான் தூக்க முடிந்தது. தூக்க முடியாததை இயந்திரம் தானே காட்டிவிடுகிறது: கை எழும்பாது, சத்தம் மாறும். அந்த இடத்தில் விட்டுவிட வேண்டும்.

சிக்கல் ஒன்று வந்தது, அதை யாரும் முன்பு எழுதவில்லை. ஒரு நாள் மதியம் கவ்வியைக் கழற்றி வெயிலில் வைத்துவிட்டு, பக்கெட்டைக் கொழுவிக் கிறவல் ஏற்றினேன். பின்னேரம் திரும்பக் கொழுவப் போனால் ஹோஸின் இணைப்பு உள்ளே இறங்கவே இல்லை. எவ்வளவு அமுக்கினாலும் திரும்பத் தள்ளியது. பட்டறை அண்ணனிடம் தொலைபேசியில் கேட்டேன். வெயிலில் ஹோஸுக்குள் அடைபட்ட ஒயில் சூடேறி விரிந்து அழுத்தம் பிடித்திருக்கிறது என்றார். இப்போது கழற்றும் முன் இயந்திரத்தை நிறுத்தி, பொத்தானை அமுக்கிப் பிடியை இரண்டு பக்கமும் அசைத்து அழுத்தத்தை விட்டுவிட்டு, கழற்றிய கவ்வியை நாவல் மரத்தின் கீழே வைக்கிறேன். அதன்பிறகு பிரச்சினை இல்லை.

குவியலை இரண்டு நாளுக்கு மேல் விட்டு வைக்காதீர்கள். மூன்றாம் நாள் எடுத்த குவியலுக்குள்ளிருந்து கண்ணாடி விரியன் ஒன்று கவ்வியின் பற்களில் சுற்றிக்கொண்டு வந்தது. தூக்கும் நேரம் காலால் நடந்து பக்கத்தில் நிற்க யாரையும் விடுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன். இயந்திரத்தின் சூடு தணிக்கும் ரேடியேற்றருக்கு முன்னால் உள்ள வலையை நாளைக்கு மூன்று தடவை தட்டித் துப்புரவாக்க வேண்டியிருக்கிறது. புல்விதை அப்பிச் சூடு ஏறுகிறது. கொப்பு குத்தாதபடி அதற்கு முன்னால் ஒரு கம்பி வலையும் ஒட்டுவித்திருக்கிறேன்.

மூன்று ஏக்கர் முடிந்தது. மொத்தமான விறகைச் செங்கல் சூளைக்குக் கொடுத்துவிட்டேன், முட்கொப்புகளை மாடு வராமல் எல்லையில் அணையாகப் போட்டிருக்கிறேன்.

தென்னந்தோட்டம் (தம்பிலுவில்)

தம்பி, பீப்பாயைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே?

மேட்டுநிலம் (வெல்லாவெளி)

மன்னிக்க வேண்டும் அக்கா. கவ்வி வருவதற்கு ஐந்து நாள் முன்பே ஊற்றி முடித்தோம். பீப்பாயின் மேல்பக்கத்தில் மிஞ்சிய இடத்தைச் சங்கிலியும் கத்தியும் அலவாங்கும் வைக்கும் பெட்டியாகப் பாவிக்கிறேன். கொங்கிறீற்றுக்குள் இரண்டங்குலக் குழாய்கள் இரண்டை நிறுத்தி வைத்து ஊற்றினேன். சங்கிலிவாளின் தகட்டை ஒன்றுக்குள் செருகலாம் என்று நினைத்தேன், ஆனால் இரண்டங்குலம் போதாது. நீங்கள் இன்னொன்று ஊற்றுவதாக இருந்தால் நாலங்குலக் குழாய் வையுங்கள்.